அநித்தியம் என்ற சாம்பிராணி

ஓவியம் குறித்துத் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் சில சொற்கள் சாம்பிராணிப் புகையைப் போலப் புழங்கிவருகின்றன. மௌனம், வெறுமை, சூன்யம் ஆகியவை பழைய சரக்கு. இவற்றோடு அநித்தியமும் சேர்ந்துகொண்டு வெகுநாட்களாகின்றன. ஒரு சீன ஓவியர் சாம்பலால் படம் செய்தால் அநித்தியம். இன்னொருவர் தண்ணீரால் எழுதினால் அநித்தியம். திபெத்தியத் துறவிகள் மணலால் மண்டலம் இட்டுக் கலைத்தால் கேட்கவே வேண்டாம். புகை நன்றாகத்தான் மணக்கிறது. அது அடங்கும்வரை அறைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரிவதில்லை. நாமும் இந்தப் புகையைப் போட்டவர்களே. ஆகவே இக்கட்டுரையில் வரும் குற்றச்சாட்டு முதலில் நம்மையே சாரும் என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம்.

நம் வாதம் எளியது. பௌத்தம் பேசும் அநித்தியம் காரணத்தோடு பிணைந்தது. தோன்றியவை யாவும் சார்புகளால் தோன்றின. சார்புகள் நீங்கும்போது அவையும் நீங்கும். மணிமேகலையின் இறுதிக் காதையைப் புரட்டிப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். அங்கே அறவண அடிகள் 'எல்லாம் போய்விடும்' என்று பெருமூச்சு விடுவதில்லை. பேதைமையில் தொடங்கி வினைப்பயன் ஈறாகப் பன்னிரண்டு சார்புகளை, எதிலிருந்து எது பிறக்கிறது என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஏறத்தாழ ஒரு தருக்க நூலின் வறட்சியோடு அமைந்த பகுதி அது. அந்த வறட்சியில்தான் பௌத்தத்தின் உயிர் இருக்கிறது. காரணங்களை உதறிவிட்டு மறைவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஒரு மாலைநேர ஏக்கம். அதற்குப் புத்தர் தேவையில்லை. ஒரு பழைய திரைப்பாடல் போதும்.

தமிழ் வாசகருக்கு இந்த மயக்கம் ஏற்படுவதில் வியப்பில்லை. நிலையாமை நமக்குப் பழகிய பொருள். தொல்காப்பியம் காஞ்சித்திணையை அதன்மேல் எழுப்பியது. திருக்குறளின் 34ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். இப்பழக்கத்தால் அநித்தியம் என்றதும் கையறு நிலையின் குரலே நம் காதில் விழுகிறது. ஆனால் குறளின் அந்த அதிகாரமும் உயிர் இருக்கும்போதே நல்வினையை விரைந்து செய்யத்தான் தூண்டுகிறது. பாலி மரபு பாதுகாத்துள்ள புத்தரின் இறுதிமொழிக்கும் இரண்டு பாதிகள் உண்டு. ஆக்கப்பட்டவை அழியும் தன்மையன என்பது முதற்பாதி. விழிப்போடு முயலுங்கள் என்பது இரண்டாம் பாதி. நம் கலைக்கட்டுரைகள் முதற்பாதியோடு முடிந்துவிடுகின்றன. விழிப்பைக் கோரிய வாக்கியத்தைத் தாலாட்டாக மாற்றியதே நம் சாதனை.

முதலில் மணல் மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். 1988இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நம்கியால் மடாலயத் துறவிகள் காலசக்கர மண்டலத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் இட்டார்கள். அதன்பின் உலகின் எத்தனையோ அருங்காட்சியகங்களில் அக்காட்சி நிகழ்ந்துவிட்டது. வரிப்பள்ளங்கள் கொண்ட உலோகக் குழலை இன்னொரு கோலால் உரச, அந்த அதிர்வில் வண்ண மணல் இழையிழையாக விழும். நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் இட்டதைக் கடைசியில் கூட்டி அள்ளி நீரில் சேர்த்துவிடுவார்கள். பார்வையாளர்கள் கண்கலங்குகிறார்கள், கட்டுரையாளர்கள் அநித்தியம் என்று எழுதுகிறார்கள். அந்த மண்டலத்தின் ஒவ்வொரு கோடும் மரபால் வரையறுக்கப்பட்டது என்பதையும், துறவிகள் பல்லாண்டுகள் பயின்று அதை நினைவில் தாங்கி நிற்கிறார்கள் என்பதையும், கலைத்தல் ஒரு சடங்கின் முறைப்படியான நிறைவு என்பதையும் எத்தனை கட்டுரைகள் சொல்லியிருக்கின்றன? அங்கே மணல் போகிறது, வடிவம் போவதில்லை. அதைக் காப்பதற்காகவே ஒரு மடாலயம் தன் நாட்டை இழந்த பின்னும் வேற்று மண்ணில் இயங்கிக்கொண்டிருக்கிறது.

1991இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அருங்காட்சியகத்தில் இடப்பட்டிருந்த காலசக்கர மண்டலத்தின்மேல் ஒரு பெண் பாய்ந்து மிதித்துச் சிதைத்தார். துறவிகள் அவர்மீது சினம் கொள்ளவில்லை. இந்நிகழ்ச்சியைச் சொல்லும் எவரும் 'எப்படியும் கலைக்கப்போவதுதானே' என்று புன்னகையோடு முடிப்பது வழக்கமாகிவிட்டது. இந்தப் புன்னகையை நாம் ஏற்கவில்லை. அநித்தியம் என்பது வெறும் மறைவு மட்டுமே என்றால், துறவி கூட்டி அள்ளுவதும் ஒருவர் மிதித்து அழிப்பதும் ஒன்றாகிவிடும். அவை ஒன்றல்ல. ஒன்றின் காரணம் வழிபாடு, மற்றதன் காரணம் வெறுப்பு. துறவிகளின் பொறுமை அவர்கள் பயின்று ஈட்டியது. அதைக் கடன்வாங்கி நம் அலட்சியத்துக்குப் போர்த்துவது முறையாகாது.

இது மிகைப்படுத்தல் என்று கருதுவோர் பாமியானை நினைத்துப்பார்க்க வேண்டும். 55 மீட்டர், 38 மீட்டர் உயரமுள்ள இரு புத்தர் சிலைகளும், அவற்றின் மாடங்களில் தீட்டப்பட்டிருந்த ஓவியங்களும் 2001 மார்ச்சில் தாலிபான்களால் தகர்க்கப்பட்டன. புத்தரே இதைத் தம் போதனைக்குச் சான்றாகக் கொண்டிருப்பார் என்று அப்போதும் பிறகும் சொன்னவர்கள் உண்டு. ஆழமாகத் தொனிக்கும் கூற்று. ஆனால் அதன் பயன் என்ன? வெடி வைத்தவர்கள் அந்த வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார்கள். அவர்களுடைய கட்டளை, அதன் பின்னிருந்த அரசியல், அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்து ஒடுக்கப்பட்ட ஹசாரா மக்கள் எல்லாம் காணாமல் போகின்றன. காலத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் மனிதர்கள் தப்பித்துக்கொள்ளலாம். அநித்தியம் என்ற சொல்லை இவ்வாறு பயன்படுத்துவது பௌத்தத்துக்கே எதிரானது என்று சொல்லத் துணிகிறோம்.

இனிச் சாம்பலுக்கு வருவோம். 1965இல் பிறந்த ஜாங் ஹுவான், தொண்ணூறுகளில் பெய்ஜிங்கில் தம் உடலையே கருவியாக்கிய நிகழ்த்துகலைகளால் அறியப்பட்டவர். 1998இல் நியூயார்க் சென்று, 2005இல் ஷாங்காய்க்குத் திரும்பினார். அங்கே லோங்ஹுவா ஆலயத்தில் மக்கள் ஊதுவத்தி கொளுத்தி வேண்டிக்கொள்வதைக் கண்டு, அந்தச் சாம்பலையே தம் ஓவியப் பொருளாக்கிக்கொண்டார். ஷாங்காய்ப் பகுதி ஆலயங்களிலிருந்து சாம்பல் மூட்டைகளாக வரும். உதவியாளர்கள் அதை நிறத்துக்கும் நயத்துக்கும் ஏற்பச் சலித்துப் பிரிப்பார்கள். பழைய சீன இதழ்களின் புகைப்படங்கள் அந்தச் சாம்பலின் கருமை, வெண்மை, பழுப்புகளால் லினன் துணிமேல் ஓவியங்களாகும். 2015இல் சிட்னியில் சுமார் 20 டன் சாம்பலால் அவர் நிறுத்திய புத்தர், தன்னை வார்த்த அலுமினிய அச்சுக்கு எதிரே அமர்ந்து, கண்காட்சி நடக்கும்போதே உதிர்ந்துகொண்டிருந்தது.

இவர்மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு: அநித்தியத்தைப் பேசுகிறார், ஆனால் ஓவியங்கள் பெருந்தொகைக்கு விற்கின்றன, சாம்பல் துணியில் ஒட்டப்பட்டுச் சேகரிப்பாளர் சுவரில் பத்திரமாகத் தொங்குகிறது, ஆகவே இது பாசாங்கு. நாம் இக்கட்சியில் சேரவில்லை. இது மலிவான வெற்றி. ஓவியன் சாப்பிட வேண்டும் என்பதும், துணியில் ஒட்டாத சாம்பல் படமாகாது என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் குற்றச்சாட்டு தான் எதிர்க்கும் புகழுரையின் அதே பிழையைத்தான் செய்கிறது. புகழ்வோர் சாம்பல் உதிர்வதால் மெய்யானது என்கிறார்கள். இகழ்வோர் சாம்பல் உதிராததால் பொய்யானது என்கிறார்கள். இரு சாராரும் பொருளின் ஆயுளைத்தான் அளக்கிறார்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று இருவரும் பார்க்கவில்லை.

2008இல் நியூயார்க்கில் ஜாங் ஹுவான் காட்சிக்கு வைத்த 'கால்வாய் கட்டுதல்' என்ற படைப்பைப் பாருங்கள். அறையை அடைத்துக் கிடந்த ஒரு மாபெரும் சாம்பல் பாளம். அதன் மேற்பரப்பில், மாவோ காலத்து உழைப்பாளர் கூட்டம் கால்வாய் வெட்டும் காட்சி, ஒரு பழைய புகைப்படத்தை ஒட்டி, சாம்பலாலேயே வரையப்பட்டிருந்தது. பார்வையாளர் மேலேறி நின்று குனிந்து பார்க்க வேண்டும். 1958இல் தொடங்கிய 'பெரும் பாய்ச்ச'லின்போது இத்தகைய நீர்ப்பாசன வேலைகளுக்குக் கோடிக்கணக்கான சீன விவசாயிகள் திரட்டப்பட்டார்கள். அதையடுத்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டார்கள். ஆலயத்தில் ஊதுவத்தி கொளுத்துவதே குற்றமாக்கப்பட்ட ஆண்டுகளும் அதன்பின் வந்தன. இப்போது அதே நாட்டில், அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் கொளுத்திய ஊதுவத்தியின் சாம்பலில் அந்த உழைப்பாளர்கள் மீண்டும் உருப்பெறுகிறார்கள். இந்த அடுக்குகள் அத்தனையும் அந்தப் பாளத்தில் இருக்கின்றன. இதன்முன் நின்று 'அனைத்தும் சாம்பலாகும்' என்று எழுதுவது ஓவியத்தைப் பார்க்க மறுத்ததற்கு ஒப்பாகும். அனைத்தும் தாமாகச் சாம்பலாகிவிடவில்லை. சிலரைச் சிலர் சாம்பலாக்கினார்கள்; எஞ்சியவர்கள் வத்தி கொளுத்தினார்கள்.

சோங் டோங்கின் தண்ணீர் நாட்குறிப்பைப் பற்றியும் இப்படித்தான் எழுதிவருகிறோம். 1966இல் பெய்ஜிங்கில் பிறந்த அவர், 1995 முதல் ஒரு கல்மீது தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து நாட்குறிப்பு எழுதிவந்தார். சீன மரபில் எழுத்தும் ஓவியமும் ஒரே தூரிகையின் பிள்ளைகள் என்பதால் இதையும் ஓவியத்தோடு வைத்துப் பேசலாம். எழுதும்போதே எழுத்து உலர்ந்து மறைந்துவிடும். கல் மட்டும் இருக்கும். அநித்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் ஏது என்று கேட்கத் தோன்றும். ஆனால் தண்ணீரால் எழுதும் பழக்கம் அவருக்கு எந்தத் தியான மண்டபத்திலிருந்தும் வரவில்லை. தாளும் மையும் வாங்க வசதி குறைந்த வீட்டில், கல்மேல் தண்ணீரால் எழுதிப் பழகச் சொன்னவர் அவருடைய தந்தை.

அதே கலைஞர் 2005இல் பெய்ஜிங்கில் 'வீணாக்காதே' என்ற படைப்பை வைத்தார். அவருடைய தாய் பல பத்தாண்டுகளாக எறியாமல் சேர்த்துவைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுப் பொருட்களை, பற்பசைக் குழாய் முதல் பழைய துணிவரை, வரிசையாகப் பரப்பினார். 2002இல் கணவரை இழந்து துயரில் ஆழ்ந்த தாயை அதிலிருந்து மீட்கும் முயற்சியாக அது தொடங்கிற்று. 2009இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும் அது சென்றது. விமரிசகர்கள் முதற்படைப்பை அநித்தியம் என்ற பெட்டியிலும் இரண்டாவதை நினைவு என்ற பெட்டியிலும் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் வேர் ஒரே பற்றாக்குறை. தந்தை தாளை மிச்சப்படுத்தினார், தாய் பற்பசைக் குழாயை மிச்சப்படுத்தினார். ஒன்று மறைவதும் மற்றொன்று குவிவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். இதைக் காண்பதுதான் சார்பிற் தோற்றத்தைக் காண்பது. இது பௌத்த வாசிப்பில்லை என்றால் வேறெது பௌத்த வாசிப்பு?

நமக்கு மிகுந்த தயக்கம் தந்த படைப்பு சூ பிங்குடையது. 2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபின் கீழ் மன்ஹாட்டனில் படிந்த தூசியை அவர் சேகரித்துவைத்தார். 2004இல் வேல்ஸின் கார்டிஃப் அருங்காட்சியகத்தில் அத்தூசியைத் தரையெங்கும் மெல்லப் பரப்பி, நடுவே எழுத்துகள் மட்டும் வெற்றிடமாகத் தெரியும்படி செய்தார். சான் மரபின் ஆறாம் குருவான ஹுய்நெங்கோடு இணைத்துச் சொல்லப்படும் கவிதையிலிருந்து எடுத்த எழுத்துகள் அவை. மனத்தைத் தூசு படியாமல் துடைத்துக் காக்க வேண்டும் என்ற ஒருவருக்கு, தூசு படியவே அங்கு இடமில்லை என்று ஹுய்நெங் மறுமொழி தந்ததாக மரபுக்கதை. 'தூசுதான் எங்கே படியும்?' என்பது படைப்பின் தலைப்பு. அவ்வாண்டின் ஆர்ட்டெஸ் முண்டி பரிசும் இதற்கே கிடைத்தது.

இப்படைப்பு அழகியது. அதனாலேயே ஆபத்தானது. கொல்லப்பட்டவர்களின் எச்சமும் கலந்த தூசியின்மேல் சூன்யத்தைப் பேசும் ஒரு கவிதையை வைக்கும்போது, துக்கம் தத்துவமாக ஆவியாகிவிடக்கூடும். தலைப்பில் ஒரு கேள்விக்குறி இருப்பதைச் சூ பிங்கின் நேர்மையாக நாம் கொள்கிறோம். அவர் கேட்டார், பதிலை அவசரமாகச் சொன்னவர்கள் நம் விமரிசகர்கள்தாம். 'எங்கும் படிவதில்லை, யாவும் வெறுமை' என்று அவர்கள் எழுதினார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்த மீட்புப் பணியாளர்களும் குடியிருப்போரும் பின்னாளில் நோயுற்றார்கள். அவர்களின் மருத்துவத்துக்காகவும் இழப்பீட்டுக்காகவும் அமெரிக்க நாடாளுமன்றம் 2010இல் தனிச் சட்டமே நிறைவேற்ற நேர்ந்தது. தூசு எங்கே படியும் என்ற கேள்விக்கு, நுரையீரலில் என்பதும் ஒரு பதில். ஹுய்நெங் பேசியது மனத்தைப் பற்றி. மற்றவரின் நுரையீரலைப் பற்றி அதே வாக்கியத்தைச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

அப்படியானால் அநித்தியத்தை நேர்மையாகக் கையாண்ட ஓவியம் எது என்று கேட்கலாம். நாம் சுட்ட விரும்புவது உதிராத, கரையாத, பட்டில் தீட்டப்பட்ட ஒன்றை. ஜப்பானில் 'குசோஸு' என்றொரு ஓவிய மரபு உண்டு. இறந்த உடல் வீங்கி, வெடித்து, அழுகி, விலங்குகளுக்கு இரையாகி, எலும்பாகிச் சிதறும் ஒன்பது நிலைகளைக் காட்டும் ஓவியங்கள் அவை. காமம் தணியத் துறவிகள் தியானிப்பதற்காக என்பார்கள். அந்த உடல் பெரும்பாலும் பெண்ணுடையது. 1974இல் பிறந்த மத்சுயி ஃபுயுகோ இம்மரபைக் கையிலெடுத்து, 2004இல் 'தூய்மை நிலைத்திருத்தல்' என்று பொருள்படும் ஓவியத்தைத் தீட்டினார். மலர்கள் சூழ ஒரு பெண் கிடக்கிறாள். அவள் வயிறு திறந்திருக்கிறது. கருப்பையும் அதனுள் சிசுவும் தெரிகின்றன. மரபான நிறமிகள், மரபான பட்டு, மரபான தொங்கு சுருள். மாறியிருப்பது ஒன்றுதான்: இந்த முறை தூரிகை ஒரு பெண்ணின் கையில்.

அந்த மாற்றத்தால் முழு மரபும் திரும்பி நம்மைப் பார்க்கத் தொடங்குகிறது. நூற்றாண்டுகளாக அழிந்துகொண்டிருந்தது யாருடைய உடல்? அதைப் பார்த்துப் பற்றறுத்தது யாருடைய கண்? ஆணின் விடுதலைக்குப் பெண்ணின் பிணம் பாடநூலானது எப்படி? உடல் நிலையற்றது என்பதை மத்சுயி மறுக்கவில்லை. நிலையாமையைக் காட்ட எந்த உடல் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று கேட்கிறார். தமிழ் வாசகருக்கு இங்கே மணிமேகலை நினைவுக்கு வராமல் போகாது. காயசண்டிகை வடிவில் இருக்கும் மணிமேகலை, தன்னைத் துரத்தும் உதயகுமரனுக்கு ஒரு நரைமூதாட்டியைச் சுட்டி, அழகு என்னவாகிறது என்று உறுப்பு உறுப்பாக விளக்குகிறாள். அங்கே அநித்தியத்தைப் பேசுபவள் துரத்தப்படும் பெண். அவளுக்கு அது ஒரு தற்காப்பும்கூட. ஒரே உண்மைதான், ஆனால் யார், யாரிடம், எந்த நெருக்கடியில் சொல்கிறார் என்பதில் அதன் பொருள் மாறிவிடுகிறது. சாத்தனாருக்குத் தெரிந்திருந்த இந்த நுட்பம் நம் கலைக்கட்டுரைகளுக்குத் தெரியாமல் போனது வருந்தத்தக்கது.

நம் வாதத்துக்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். கலையின்முன் காரணம் தேடிக்கொண்டிருந்தால் அனுபவம் என்னவாகும், ஓவியத்தை வரலாற்றின் வழக்குக் கட்டாக மாற்றுகிறீர்களா என்று நண்பர்கள் கேட்பார்கள். மதிக்கத்தக்க கேள்வி. ஓவியத்தின்முன் பேச்சிழந்து நிற்கும் கணத்தை நாம் மறுக்கவில்லை. அந்தக் கணம் பார்த்ததால் வந்ததா, பார்க்க மறுத்ததால் வந்ததா என்று மட்டும் கேட்கிறோம். ஜாங் ஹுவானின் ஓவியத்தை நெருங்கினால் சாம்பலுக்கிடையே எரியாமல் எஞ்சிய வத்தித் துணுக்குகள் தெரியும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வேண்டுதல்: மகனின் தேர்வு, தாயின் நோய், வராத கடன். எதிலிருந்து இது வந்தது என்று கேட்பவன்தான் அவ்வளவு அருகில் செல்கிறான். எல்லாம் நிலையற்றவை என்று முன்கூட்டியே அறிந்தவன் பத்தடி தள்ளி நின்று தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறான்.

ஆகவே நமக்கு நாமே ஒரு நியமம் விதித்துக்கொள்கிறோம். இனி ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதும்போது அநித்தியம் என்ற சொல் பேனாவில் ஊறினால், அடுத்த வரியில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிட வேண்டும். அழிவது எது? எதனால் அழிகிறது? அதைப் பத்திரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பது யார்? மூன்றுக்கும் விடை இருந்தால் அந்தச் சொல் இருக்கட்டும். இல்லையென்றால் அதை அடித்துவிட்டு, மீண்டும் போய் ஓவியத்தைப் பார்ப்போம்.